கோவர்த்தனன் ஐயா பதில் போடுகிறார்

ஒரு ஊர்ல, ஒரே ஒரு ஊர்ல, ஏழு தெரு தள்ளி நின்னாலும் மாவு அரைக்கிற சத்தம் கேக்கிற ஊர்ல, ஒரு கிரைண்டர் பட்டறை இருந்துச்சாம். எங்க தாத்தா எந்தக் கதை சொன்னாலும் இப்படித்தான் கையைப் பிடிச்சு ஊருக்குள்ள கூட்டிட்டுப் போவாருங்க. அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கிச்சு. வெப்சைட் பண்ணணும்னு வந்தா இவன் கதை விடறானேன்னு நினைக்காதீங்க அக்கா. வெப்சைட்டைப் பத்தித்தான் சொல்றேன். உக்காருங்க. அந்த நாற்காலியில வேண்டாம், ஆடும். இதுல.

மசாலாப் பொடி யாவாரம்னு சொன்னீங்க. ஊரு சூலூர். பேரு செண்பகவல்லி. எழுதிக்கிட்டேன். நீங்க வந்ததும் கேட்டீங்களே ஒரு கேள்வி, 'ஒருக்கா போட்டுவிட்டாப் போதுமா, அப்புறமும் ஏதாச்சும் பண்ணிட்டே இருக்கணுமா'ன்னு. இத்தனை வருசத்துல என்கிட்ட வந்தவங்கள்ல அதைக் கேட்டது நீங்க ரெண்டாவது ஆள். பண்ணிட்டே இருக்கணுமுங்க. வெப்சைட்டுங்கிறதைக் கடைக்கு மேல மாட்டற போர்டுன்னு எல்லாரும் நினைச்சுக்கறாங்க. போர்டு எத்தனை வருசம் தொங்கினாலும் யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. இது கல்லாவுல உக்கார்ந்திருக்கிற மனுசன் மாதிரி. ஒருத்தர் வந்து கேட்டா வாயைத் தொறக்கணும். தொறக்கலைன்னா ஆள் செத்துட்டாருன்னு வந்தவங்க நினைச்சுக்குவாங்க.

ஒண்ணுமில்லைங்க. தண்ணி குடிச்சுக்கறேன்.

முதல்ல கேட்டது கோவர்த்தனன் ஐயா. இங்கே கணபதியில, மில்லு ரோட்டுக்குப் பின்னாடி பட்டறை. ஓட்டல், மெஸ், இட்லிக் கடைக்குப் போற பெரிய கிரைண்டர் மட்டும்தான் செய்வாரு. மாவு அரைஞ்சதும் டிரம்மையே சாய்ச்சு வழிச்சுக்கற மாதிரி இருக்கும் பாருங்க, அது. வீட்டுக்குச் சின்னதா ஒண்ணு செஞ்சு தாங்கன்னா, "வீட்டுல அரைக்கறவங்க புருசனைத் திட்டிட்டே அரைப்பாங்க, அந்தக் கோவத்தை எல்லாம் மோட்டார் தாங்காது"ன்னுவாரு.

நான் போனப்ப அவருக்கு ஏற்கெனவே ஒரு வெப்சைட் இருந்துச்சுங்க. யாரோ செஞ்சு கொடுத்தது. தொறந்தா டை கட்டின நாலு வெள்ளைக்காரங்க கை குலுக்கிட்டு நிப்பாங்க. ஐயா அதை என்கிட்ட காட்டி, "இவுங்க யாருன்னு தெரியுமா தம்பி?"ன்னாரு. தெரியாதுங்கன்னேன். "எனக்கும் தெரியாது. மூணு வருசமா என் கடையில நிக்கிறாங்க, ஒரு நாளும் ஒரு போல்ட்டு முடுக்கினதில்லை"ன்னாரு.

நாலு பேரையும் அன்னிக்கே அனுப்பிட்டேன். அந்த இடத்துல ஐயாவோட கையைப் போட்டேன். கல்லு மேல வெச்ச கை, நகத்துக்கடியில கிரீஸோட. நம்பரை மேலயே போட்டேன், தேட விடக்கூடாது. எல்லாத்தையும் தமிழ்ல எழுதினேன். கைபேசியில ஒண்ணு ரெண்டு மூணு எண்றதுக்குள்ள பக்கம் தொறக்கணும்னு கனமான படத்தை எல்லாம் இளைக்க வெச்சேன். இட்லிக் கடைக்காரம்மா மாவுக் கையோடதான் தொறப்பாங்க. நாலு எண்ணினா மூடிட்டுப் போயிடுவாங்க. இதெல்லாம் உங்களுக்கும் உண்டு, பயப்படாதீங்க.

ஆனா அந்த வெப்சைட்டை ஊரெல்லாம் பேச வெச்சது 'கேளுங்க'ங்கிற பக்கம். அது என் யோசனை. கிரைண்டர்ல என்ன கோளாறா இருந்தாலும் அதுல எழுதலாம், ஐயா பதில் போடுவாரு. அவருக்குத் தட்டச்சு வராது. வியாழக்கிழமை வியாழக்கிழமை நான் பட்டறைக்குப் போவேன். கேள்வியைப் படிப்பேன். அவரு ஓடிட்டிருக்கிற ஒரு டிரம்மு மேல கையை வெச்சுட்டுக் கண்ணை மூடிக்குவாரு. அப்புறம் சொல்லுவாரு. சொன்னதைச் சொன்னபடி அடிப்பேன். ஒரு எழுத்துக் கூட்டிக் குறைச்சதில்லை.

கரூர்ல ஒரு மெஸ்காரர், 'கல்லு மோசம், மாவு கரகரன்னு வருது'ன்னு எழுதியிருந்தாரு. ஐயா பதில்: "கல்லைக் குத்தம் சொல்லாதீங்க. அரிசிக் கடையை மாத்தியிருப்பீங்க. பழைய கடைக்காரர்கிட்ட சண்டையைத் தீர்த்துக்கிட்டு அங்கேயே வாங்குங்க. ஆள் வரும்." அந்த மெஸ்காரர் நிசமாவே அரிசிக் கடைக்காரரோட சண்டை போட்டிருந்தாராம். ஆடிப் போயிட்டாரு.

எல்லாப் பதிலும் அப்படித்தான் முடியும். 'ஆள் வரும்.' நன்றி, வணக்கம் எதுவும் கிடையாது. எனக்கு அந்த முடிப்பு ரொம்பப் பிடிச்சிருந்துச்சுங்க. கையெழுத்து மாதிரி. ஒவ்வொரு யாவாரத்துக்கும் அப்படி ஒரு முத்திரை வார்த்தை இருக்கணும்.

'ம்' கொட்டுங்கக்கா அப்பப்ப. இல்லைன்னா எனக்கு நானே பேசிக்கற மாதிரி இருக்கு.

சுபத்ராக்காவும் அங்கேதான் இருப்பாங்க. ஐயாவோட மக. முப்பத்தெட்டு, நாப்பது இருக்கும். எந்நேரமும் ஏதோ ஒரு கிரைண்டருக்கு அடியிலதான் கிடப்பாங்க, காலு ரெண்டு மட்டும் வெளியே தெரியும். நாங்க கேள்வி பதில் பண்ணிட்டிருக்கறப்ப அங்கிருந்தே, "அப்பா, கரூர்ல எந்த மெஸ்ஸு?"ம்பாங்க. ஐயா சொல்லுவாரு. அவங்க எந்திரிச்சு வந்து சுவத்துல சாக்பீஸ்ல எதையோ கிறுக்கிட்டு மறுபடி போய்ப் படுத்துக்குவாங்க. சுவரே அசிங்கமா இருக்கும். படம் எடுக்கறப்ப அந்தச் சுவர் வராத மாதிரிதான் நான் எடுப்பேன்.

ரெண்டு வருசம். நானூத்திப் பதினோரு பதில். கிரைண்டருன்னு தேடினா எங்க பக்கம்தான் மேல வந்து நிக்கும். அந்த ஐப்பசியில ஒரு புதன்கிழமை காலையில, பேரிங் மாத்திட்டிருந்தவரு, ஸ்பேனரை வாங்கிக்கச் சொல்லிக் கையை நீட்டினாராம். வாங்கறதுக்குள்ள சாஞ்சுட்டாருங்க.

மறுநாள்தான் எடுத்தாங்க. வியாழக்கிழமை. மழை. நான் லேப்டாப் பையோடதான் நின்னேன், ஏன்னு கேட்டா எனக்குத் தெரியலை. வியாழக்கிழமை அந்தப் பையோட அந்த வாசல்ல நின்னு பழகியிருந்துச்சு. எல்லாம் முடிஞ்சு வந்து குளிச்சுட்டுப் பக்கத்தைத் தொறந்தா மூணு கேள்வி காத்துக்கிட்டிருக்கு. கேட்டவங்களுக்கு என்னங்க தெரியும்? ஒருத்தர் பெல்ட்டு வழுக்குதுன்னு எழுதியிருந்தாரு. பெல்ட்டுக்கு ஐயா முன்னாடியே பதினெட்டுப் பதில் சொல்லியிருக்காரு. எடுத்துப் போட்டேன். 'ஆள் வரும்'னு முடிச்சேன். சாயங்காலமே அவரு, 'பிழைச்சுக்கிட்டோம் ஐயா, நல்லா இருங்க'ன்னு எழுதிட்டாரு.

நல்லா இருங்கன்னு எழுதியிருந்தாருங்க. அன்னிக்குப் பார்த்து.

அடுத்த வியாழக்கிழமை நான் எடுத்துப் போடலை. நான் சொல்றதை நம்புங்க. கேள்வியைப் படிச்சேன், பழைய பதில்ல அதுக்கு எதுவும் இல்லை. சரி, விட்டுடலாம்னு கையை மேசை மேல வெச்சேன். இதே மேசை. கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடிட்டிருந்துச்சு, மேசை லேசா அதிர்ந்துச்சு. கண்ணை மூடினேன். கேட்டுச்சு. காதுல இல்லைங்க, பின்மண்டையில. அவரு குரல். மெதுவா, நான் அடிக்கிற வேகத்துக்கு நிறுத்தி நிறுத்தி.

பல்லடத்து மெஸ் ஒண்ணு. கிரைண்டர் ஆடுதுன்னு கேட்டிருந்தாங்க. பதில் வருது: "உங்க கிரைண்டருக்கு இடது பக்கத்து ரெண்டு காலும் கட்டை. உங்க சமையக்கட்டுத் தரை சாய்வுன்னு நாங்கதான் அறுத்துக் கொடுத்தோம். எடத்தை மாத்தியிருப்பீங்க. பழைய எடத்துலயே வைங்க. ஆள் வரும்." அவங்க பதறிப் போய்ப் பதில் எழுதறாங்க, 'ஆமாங்க ஐயா, பதினாறு வருசம் ஆச்சு, ஞாபகம் வெச்சிருக்கீங்களே'ன்னு. எனக்கு எப்படிங்க தெரியும், பல்லடத்து மெஸ்ஸுல தரை சாய்வுன்னு? நான் பல்லடமே போனதில்லை.

சுபத்ராக்காகிட்ட பின்னால இதைச் சொன்னப்ப, "அது அப்பா நூறு தடவை சொன்ன கதை. நீ பக்கத்துல உக்கார்ந்து டீ குடிச்சுட்டேதான் கேட்டே"ன்னாங்க. நான் டீயே குடிக்க மாட்டேனுங்க. காபிதான்.

காரியம் முடிஞ்ச மறு வாரம் அவங்க இந்த மாடிக்கு வந்தாங்க. நீங்க உக்கார்ந்திருக்கிற இடத்துலதான் நின்னாங்க, உக்காரலை. "குமரகுரு, அப்பா இறந்துட்டாருன்னு முதல் பக்கத்துல போடு. நம்பரை என் நம்பரா மாத்து. என் போட்டோ ஒண்ணு போட்டு, இனிமே பட்டறையை நான்தான் பார்க்கறேன்னு எழுது. வேற எதுவும் வேண்டாம்"னாங்க.

"பண்ணிடலாங்கக்கா"ன்னேன்.

"எப்ப?"

"வடிவமைப்புல கொஞ்சம் வேலை இருக்குங்கக்கா."

"எனக்கு வடிவம் வேண்டாம், பேரு வேணும்"னாங்க. "பதினேழு வருசமா நான்தான் அங்கே பேரிங் போடறேன். ஒருத்தனுக்கும் தெரியாது. தெரியணும்னு நானும் நினைச்சதில்லை, அப்பா இருந்தாரு. இப்பத் தெரியலைன்னா பட்டறை நிக்காது. ஏழு பேரு அங்கே வேலை செய்யறாங்க."

அவங்க சொன்னது நியாயந்தானுங்க. நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா அவங்களுக்கு இந்தத் தொழில் தெரியாது. முகப்புப் பக்கத்துல இழவுச் சேதி போட்டா வந்தவங்க நிப்பாங்களா? ரெண்டு வருசமா ஒரு குரலைக் கேட்டுப் பழகினவங்ககிட்ட, திடீர்னு வேற குரல்ல பேச முடியுமா? மெல்ல மெல்லத்தான் மாத்தணும். அவங்க கொடுத்த போட்டோவும் சரியில்லை. பின்னாடி அந்தச் சுவர் தெரியுது.

மாசம் ஒண்ணாச்சு, ரெண்டாச்சு, நாலாச்சு. நான் வியாழக்கிழமை பட்டறைக்குப் போறதை நிறுத்தலை. பக்கத்தைப் பராமரிக்கணுமில்லீங்களா. போய் ஒரு மூலையில உக்கார்ந்து புதுசா வந்த கிரைண்டரைப் படம் எடுப்பேன். அவங்களும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஒருநாள் ரிப்பேருக்கு வந்த மோட்டாரைக் கழட்டிட்டே, "நேத்து ஒருத்தரு போன் பண்ணினாரு. நான் எடுத்தேன். 'பொண்ணுக பேச்செல்லாம் வேண்டாம்மா, ஐயாகிட்ட கொடு'ன்னாரு. அப்பா போய் நாலு மாசம் ஆச்சுங்கன்னேன். 'ஏம்மா, உசுரோட இருக்கிற மனுசனைச் சாகடிக்கறே, நேத்துத்தானே எனக்குப் பதில் எழுதினாரு'ன்னு வெச்சுட்டாரு. யாரு எழுதறது?"ன்னாங்க.

"அது தானா வர்ற ஏற்பாடுங்கக்கா. பழைய பதில்ல இருந்து அதுவே எடுத்துக் கொடுக்கும்"னேன்.

பொய்யின்னு நீங்க நினைக்கலாம். எனக்கு அது பொய்யாத் தோணலைங்க. தானாத்தானே வந்துச்சு.

"நிறுத்திடு"ன்னாங்க.

"நிறுத்திடறேன்"னேன்.

நிறுத்தலாம்னுதான் வந்து உக்கார்ந்தேன். அன்னிக்குன்னு பார்த்து ஒன்பது கேள்வி. ஒன்பது பேரை வாசல்ல நிக்க வெச்சுட்டுக் கதவைச் சாத்த முடியுமா? உங்க கடைக்கு ஒன்பது பேர் வந்து நின்னா நீங்க சாத்துவீங்களா?

சாத்த மாட்டீங்க. ம்.

அப்புறம்தான் அன்னூர். அதை நான் மறைக்கலைங்க, வர்ற எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். அன்னூருக்குப் பக்கத்துல இட்லிக் கடை வெச்சிருக்கிற பழனாத்தாள்னு ஒரு அம்மா. 'ஐயா, கிரைண்டரைத் தொட்டா லேசா ஷாக் அடிக்கிற மாதிரி இருக்குது, என்ன பண்றது'ன்னு எழுதியிருந்தாங்க. நான் கண்ணை மூடினேன். ஐயா சொன்னாரு: "ஈரக் கையோட தொடாதீங்க. காலுக்கடியில காஞ்ச பலகை போட்டு நில்லுங்க. ஆள் வரும்." அவரு உசுரோட இருந்தப்ப ஒருத்தருக்கு இதே பதிலைச் சொல்லியிருக்காரு, நான் சரிபார்த்தேன். ஒரு வார்த்தை மாறலை. அந்தம்மாவும், 'சரிங்க ஐயா, பலகை போட்டுட்டேன், காத்திருக்கேன்'னு எழுதினாங்க.

ரெண்டு வாரம் கழிச்சு வியாழக்கிழமை. காலையில பதினொரு மணி இருக்கும். நான் பட்டறையிலதான் இருந்தேன். ஒருத்தரு வந்தாரு, வேட்டி, துண்டு, கையில கைபேசி. வாசல்லயே செருப்பை விட்டுட்டு உள்ளே வந்து, ரொம்ப மரியாதையா, "கோவர்த்தனன் ஐயாவைப் பார்க்கணுமுங்க"ன்னாரு. சுபத்ராக்கா எந்திரிச்சு வந்து கையைத் துடைச்சுக்கிட்டே, "நீங்க?"ன்னாங்க.

"அன்னூருங்க. மருதாசலம். இட்லிக் கடை. எங்க வீட்டுக்காரி ஐயாகிட்ட கேட்டிருந்தா. ஆளனுப்பறேன்னாரு. நாங்களும் பார்த்தோம், பார்த்தோம். போன திங்கக்கிழமை அவளைத் தூக்கிப் போட்டுருச்சுங்க. உசுருக்கு ஒண்ணுமில்லை. வலது கை தோள்ல இருந்து தூக்க வரலை. ஐயாமேல குத்தமில்லை, ஆளுக்கு என்ன வேலையோ. இனியாச்சும் வந்து பார்க்கச் சொல்லுங்கன்னு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அவரு கோவமாப் பேசியிருந்தாத் தேவலைங்க.

சுபத்ராக்கா தள்ளி நின்னாங்க. பின்னாடி சுவத்துல ஐயா படம், மாலையோட, கீழே தேதி. மருதாசலம் தேதியைப் படிச்சாரு. கைபேசியைப் பார்த்தாரு. மறுபடி தேதியைப் படிச்சாரு. "அப்ப இது யாருங்க?"ன்னாரு.

சுபத்ராக்கா என்னைப் பார்த்தாங்க. வேலை செஞ்சிட்டிருந்தவங்க எல்லா மெஷினையும் நிறுத்திட்டாங்க. அந்தப் பட்டறையில அவ்வளவு அமைதி நான் கேட்டதேயில்லை.

நான் என்ன சொல்லட்டும். உண்மையைத்தான் சொன்னேன். "ஐயாதாங்க"ன்னேன்.

மருதாசலம் ரெண்டடி பின்னால போனாரு. அவரு என் முகத்தைப் பார்க்கலைங்க, எனக்குப் பின்னாடி யாரோ நிக்கிற மாதிரி அங்கே பார்த்தாரு. நானும் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

சுபத்ராக்கா என்னை ஒரு வார்த்தை திட்டலை. டூல்ஸ் பையை எடுத்தாங்க, அவரைத் தன் வண்டியிலயே உக்கார வெச்சுக் கூட்டிட்டு அன்னூர் போயிட்டாங்க. எர்த் வயர் அறுந்து கிடந்துச்சாம். சரிபண்ண அரை மணி நேரம் ஆச்சாம். அந்தம்மா கைக்கு இன்னமும் எண்ணெய் போட்டு நீவிட்டிருக்காங்க.

மறுநாள் இங்கே வந்தாங்க. வந்து, "அந்தச் சுவத்துல நான் என்ன எழுதுவேன்னு உனக்குத் தெரியுமா?"ன்னு கேட்டாங்க.

"கவனிச்சதில்லீங்கக்கா."

"ஊரு. பேரு. என்னிக்குப் போகணும். நீ பையைத் தூக்கிட்டுக் கிளம்பினதும் அப்பா அந்த லிஸ்ட்டைப் படிப்பாரு, நான் வண்டியை எடுப்பேன். கரூருக்கு நான் போனேன். அரிசின்னு அப்பா சொன்னாரு, போய்ப் பார்த்தா அரிசிதான், சரி. ஷாக்குன்னு ஒருத்தர் எழுதினாரே, அவருக்கு அன்னிக்குச் சாயங்காலமே போய் எர்த் போட்டேன். ஆள் வரும்னு அவரு சொன்னா ஆள் போகும். நான்தான் அந்த ஆள்."

"ஆனா அக்கா, ஜனங்க வந்தது அவரு வார்த்தைக்குத்தானே"ன்னேன்.

அவங்க என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. பரிதாபப்பட்டாங்களோ என்னமோ. என்மேல எதுக்குப் பரிதாபப்படணும்னு தெரியலை.

"சரி, அந்த வெப்சைட்டை என்கிட்ட கொடுத்துடு, நான் மூடிக்கறேன்"னாங்க. கொடுக்கலாம். ஆனா வெப்சைட் முகவரி என் பேர்ல இருக்குங்க. வாங்கறப்பவே என் பேர்லதான் வாங்கினேன், என் மெயில்லதான் பதிஞ்சேன். நம்ம ஊர்ல வெப்சைட் செய்யற முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். வருசா வருசம் புதுப்பிக்கணும், பாஸ்வேர்டு ஞாபகம் வெச்சுக்கணும், கடைக்காரங்களுக்கு எதுக்கு அந்தத் தொல்லை. ஐயாவும், "நீயே வெச்சுக்க தம்பி"ன்னு சொன்னாரு. வெச்சுக்கன்னு சொன்ன பொருளை எப்படிங்க திருப்பிக் கொடுக்கறது? கேட்டேன் அவங்ககிட்ட. "யோசிச்சுச் சொல்றேங்கக்கா"ன்னேன்.

"உன்னோட சண்டை போட எனக்கு நேரமில்லை குமரகுரு. உன் பதிலை நம்பி எத்தனை பேரு காத்துக்கிட்டிருக்காங்களோ, அத்தனை வீட்டுக்கும் நான் போயாகணும். அந்தக் கேள்வி எல்லாத்தையும் எனக்கு ஒரு பேப்பர்ல எடுத்துக் கொடு. அது மட்டும் போதும்"னாங்க. எடுத்துக் கொடுத்தேன். அறுபத்திரெண்டு. கையில வாங்கிட்டு இறங்கிப் போனவங்க அப்புறம் வரலை.

அவங்க தனியா ஒண்ணு ஆரம்பிச்சுட்டாங்க. காட்டறேன் இருங்க. இதுதான். பாருங்க, இதுக்குப் பேரு வெப்சைட்டா? ஒரே பக்கம். எழுத்து இவ்வளவு பெருசு. அவங்க போட்டோ, ஸ்பேனரோட, பின்னாடி அந்தச் சுவரு, அத்தனை கிறுக்கலோட. 'சுபத்ரா கோவர்த்தனன். அப்பா காலமாகிவிட்டார். பட்டறையை நான் நடத்துகிறேன். கூப்பிடுங்கள்.' கீழே நம்பர். அவ்வளவுதான். வடிவமைப்புன்னு ஒண்ணுமே இல்லை. கூட ரெண்டு பேரை வேலைக்குச் சேர்த்திருக்காங்கன்னு கேள்வி. எப்படின்னு எனக்கு விளங்கலை.

நம்ம பக்கத்தை இப்பவும் பாருங்க. தேடினா இதுதான் முதல்ல வருது. பதினாலு மாசமாச்சு, ஒருநாள் இது தொறக்காம இருந்ததில்லை. ஐயா மறைஞ்சுட்டாருங்கிற அறிவிப்பை எழுதி வெச்சிருக்கேனுங்க, ஏத்தலை. எழுத்து வடிவம் ஒண்ணும் அமைய மாட்டேங்குது. கறுப்புல போட்டா ரொம்பக் கறுப்பா இருக்கு. இப்பெல்லாம் எல்லாக் கேள்விக்கும் பதில் போடறதில்லை. பெல்ட்டு, கல்லு, இந்த மாதிரி மட்டும். அதுவும் அவரு சொன்னாத்தான்.

சத்தம் கேட்டுச்சுங்களா? கேள்வி வந்திருக்கு. நம்ம பக்கத்துக்குத்தான். படிக்கிறேன், நீங்களும் கேளுங்க, உங்களுக்கும் இப்படி வரும். 'ஐயா வணக்கம். உடுமலையில ஹாஸ்டல் ஒண்ணுல சமையல் பண்றேன். காலையில இருந்து டிரம்மைத் தொட்டா கை விறுவிறுங்குது. மத்தியானத்துக்குள்ள நூத்தம்பது பேருக்கு அரைச்சாகணும். அரைக்கலாங்களா?'

ஏங்க அப்படிப் பார்க்கறீங்க. நான் எழுதப் போறதில்லை. கையை இப்படி மேசை மேல வெச்சுக்குவேன். அவரு சொல்லட்டும். சில நேரம் கொஞ்சம் தாமதமாகும்.

போன் பண்றீங்களா? பண்ணுங்க. யாருக்குங்க? ஓ. திரையில சுபத்ராக்கா நம்பர் தெரியுதா. நான்தான் காட்டினேன், ஆமா.

எடுத்துட்டாங்களா, ரெண்டாவது மணிக்கேவா? உடுமலைன்னு சொல்லுங்க. ஹாஸ்டல்னு சொல்லுங்க. கேட்டவரு நம்பரா? அது கேள்விக்குக் கீழே சின்ன எழுத்துல இருக்கும் பாருங்க. எல்லாக் கேள்விக்கும் கீழே இருக்கும். கேள்வி எழுதறப்பவே நம்பர் போடற மாதிரி ஒரு கட்டம் வேணும்னு ஐயா கேட்டாரு, வெச்சுக் கொடுத்தேன். எதுக்குன்னு நான் கேட்டதில்லை. ஒன்பது, ஏழு, எட்டு. நீங்களே படிச்சுச் சொல்லுங்க, எனக்குக் கண்ணு ஒரு மாதிரி இருக்கு.

வெச்சுட்டாங்களா? என்ன சொன்னாங்க? மெயினை அணைக்கச் சொல்லிடறேன்னாங்களா. பக்கத்துலதான் இருக்காங்களாமா, பொள்ளாச்சியிலயா. அரை மணியில போயிடுவாங்க. சரி. சரிங்க. என்னைப் பத்தி ஏதாச்சும் கேட்டாங்களா?

கேக்கலையா.

எந்திரிச்சுட்டீங்களே. உங்க பொடி பாக்கெட்டைப் படம் எடுக்கலாம்னு இருந்தேன். முகவரியா? என் பேர்லதான் வாங்குவேனுங்க, சொன்னேனில்ல, எல்லாருக்கும் அப்படித்தான். வேண்டாமா? சரி, யோசிச்சுச் சொல்லுங்க. ஒண்ணும் அவசரமில்லை. படி செங்குத்து, சுவத்தைப் பிடிச்சுட்டு இறங்குங்க.

ஐயா, உடுமலைக்கு என்ன போடறதுங்க?

ஐயா.

கீழே ஜெராக்ஸ் ஓடிட்டுத்தான் இருக்கு. மேசை அதிருது. கை வெச்சுட்டுத்தான் இருக்கேன். ஒண்ணும் கேக்கலையே.

அக்கா, கொஞ்சம் நில்லுங்க. உங்க பின்னாடி இறங்கறது யாருங்க? உங்க செருப்புச் சத்தம் டக்குடக்குன்னு முன்னாடி போகுது. அதுக்குப் பின்னாடி இன்னொரு சத்தம் வருதே, நிதானமா, ஒவ்வொரு படிக்கும் நின்னு மூச்சு வாங்கிட்டு. மேலே நான் ஒருத்தன்தானே இருந்தேன். திரும்பிப் பாருங்கக்கா, உங்களுக்குத் தெரியும்.

நீங்க தெருவுக்குப் போயிட்டீங்க.

அது கடைசிப் படியில கொஞ்ச நேரம் நின்னுச்சு. அப்புறம் அதுவும் போயிடுச்சு.